கணினிச் சோதனை மதிப்பெண்ணை வைத்து ஏ.டி.எச்.டி. என்று முடிவு கட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, கேள்வி முடியும் முன்னே பதிலைக் கத்தும் பிள்ளை, கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதிவிட்டு ஜன்னலைப் பார்க்கும் பிள்ளை. இவர்களுடைய பெற்றோரைப் பள்ளி அழைத்து, 'ஒரு டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டோட வாங்க' என்று சொல்லி அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்த ரிப்போர்ட் பல நேரம், குழந்தையைக் கணினி முன்னால் பதினைந்து இருபது நிமிடம் உட்காரவைத்து எடுத்த ஒரே ஒரு சோதனையின் அச்சுப்படி. வண்ணப் பட்டைகள், 'கவனம்: குறைவு', 'தன்னடக்கம்: மிகக் குறைவு', அடியில் ஒரே வரியில் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு–துறுதுறுப்புக் குறைபாடு) அல்லது 'ஆட்டிசம் சாயல்'. அந்த வரியோடு பெற்றோர் வீடு திரும்புகிறார்கள். குழந்தைகளின் நரம்புவளர்ச்சிக் குறைபாடுகளை மதிப்பிடும் வேலையில் இருக்கும் நாங்கள், இந்தச் சோதனைகள் எதை அளக்கின்றன, எங்கே பிசகுகின்றன என்பதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள இதை எழுதுகிறோம்.

அளக்கப்படும் திறனை காக்னிட்டிவ் கன்ட்ரோல் என்பார்கள். எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்றும் சொல்வதுண்டு. தமிழில் மனக்கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டில் உளவியலாளர் மியாக்கே குழுவினரின் ஆய்வு வந்ததிலிருந்து இதை மூன்று கூறாகப் பார்ப்பது வழக்கம். கைவரை வந்துவிட்ட செயலை அடக்கிக்கொள்வது ஒன்று. கேட்டதை மனதில் நிறுத்திக்கொண்டே அதை வைத்து வேலை செய்வது இரண்டாவது. இதைச் செயல்நினைவு என்கிறோம். விதி மாறினால் பழைய விதியை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறுவது மூன்றாவது.

முதல் கூறைப் புரிந்துகொள்ள 'கொக்கு பற பற' விளையாட்டே போதும். கொக்கு பற, காக்கா பற, மைனா பற என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று 'எருமை பற' என்றால், கையைத் தூக்காமல் இருக்கும் பிள்ளை ஜெயிக்கிறது. கோ–நோகோ என்ற கணினிச் சோதனையும் இதேதான். பறவை வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும், எருமை வந்தால் அழுத்தக் கூடாது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம், பறவைகள் நான்கில் மூன்று பங்கு அல்லது அதற்கு மேலும், வேகமாகவும் வர வேண்டும். அப்போதுதான் அழுத்தும் பழக்கம் கையில் ஊறும். அதை அடக்குவதற்குத் தனி முயற்சி தேவைப்படும். ஒன்று விட்டு ஒன்று எருமை வந்தால் பிள்ளை ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கும். அங்கே அடக்குவதற்கு ஒன்றுமில்லை. இலவசமாகக் கிடைக்கும் கைபேசிச் செயலிகள் பலவற்றில் இந்த விகிதம் பாதிக்குப் பாதியாகவே இருக்கிறது. அவற்றின் மதிப்பெண்ணுக்கு 'தன்னடக்கம்' என்று பெயர் வைப்பதே தவறு.

மருத்துவமனைகளில் அதிகம் பயன்படுவது தொடர் கவனச் சோதனை. அதன் ஒரு பிரபலமான வடிவத்தில் 14 நிமிடத்தில் 360 ஆங்கில எழுத்துகள் திரையில் வரும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 1, 2 அல்லது 4 விநாடி இடைவெளி. எக்ஸ் தவிர எந்த எழுத்து வந்தாலும் அழுத்த வேண்டும். அழுத்த வேண்டிய இடத்தில் விட்டது ஒரு வகைப் பிழை, எக்ஸுக்கு அழுத்தியது இன்னொரு வகை. இவற்றைவிட அதிகம் தகவல் தருவது மூன்றாவது எண்: பதில் நேரம் ஒரே சீராக இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா என்பது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் இந்த ஏற்ற இறக்கம் தொடர்ந்து காணப்படுகிறது. தூக்கம் போதாத பிள்ளையிடமும் அதே ஏற்ற இறக்கத்தைப் பார்க்கலாம் என்பதுதான் சிக்கல்.

ஸ்டாப் சிக்னல் என்று ஒரு சோதனை உண்டு. அம்புக்குறி வந்ததும் அழுத்த வேண்டும், நான்கு முறைக்கு ஒரு முறை 'நில்' என்ற ஒலி வரும். பிள்ளை நின்றுவிட்டால் அடுத்த முறை அந்த ஒலி 50 மில்லிவிநாடி தாமதமாக வரும், நிற்காவிட்டால் 50 மில்லிவிநாடி முந்தி வரும். இப்படி நின்றதும் நிற்காததும் பாதிப்பாதி ஆகும் இடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து நிற்க எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலைந்து முறையிலேயே, 'ஒலி வருதா பார்த்துட்டு அழுத்துவோம்' என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கணமே கணக்கு பொய்த்துவிடும். அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்பதை முன்பே தெளிவாகச் சொல்லி, ஒவ்வொரு சுற்று முடிவிலும் வேகத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும். நின்ற விகிதம் பாதியை விட்டு வெகுதூரம் விலகியிருந்தால் அந்த மதிப்பெண்ணைத் தூக்கி எறிய வேண்டும். அறிக்கையில் இந்த விகிதத்தை அச்சிடுபவர்கள் அரிது.

தமிழ்ப் பிள்ளைகளைச் சோதிக்கும்போது நேரும் பிசகுகள் தனி. ஸ்ட்ரூப் சோதனையில் 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் எழுதப்பட்டிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வாசிப்பு தானாக ஓடும் பிள்ளைக்குத்தான் இது கஷ்டம். இன்னும் படிக்கவே வராத பிள்ளைக்கு அந்தச் சொல் வெறும் கோடு, குறுக்கீடே இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளை இந்தச் சோதனையில் 'நல்ல தன்னடக்கம்' என்று பெயர் வாங்கிவிடலாம். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் அட்டையைக் கொடுத்தாலும், தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கில அட்டையைக் கொடுத்தாலும், அந்த எழுத்தைப் படிக்க வராவிட்டால் இதே கதி. ஆகவே ஸ்ட்ரூப்புக்கு முன் ஒரு நிமிட வாசிப்புச் சோதனை இல்லையென்றால் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை.

எண் தொடர் சோதனையையும் பாருங்கள். விநாடிக்கு ஓர் எண் என்று சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லவும், பின்னிருந்து முன்னாகச் சொல்லவும் கேட்பது இது. காதில் விழுந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதால்தான் நினைவு நிற்கிறது. சொல்ல எடுக்கும் நேரம் கூடினால் நிற்கும் எண்ணிக்கை குறையும். ஆங்கிலத்தில் 1 முதல் 9 வரை 'செவன்' தவிர எல்லாமே ஒரே ஒலியசை. தமிழில் ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று எல்லாமே இரண்டு, ஒம்பது மூன்று. வெல்ஷ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நேரம் பிடிக்கும் என்பதால் இருமொழியாளர்களுக்கே வெல்ஷில் எண் நினைவு குறைந்து தெரிந்ததை 1980-இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அப்படியிருக்க, தமிழில் கேட்டுவிட்டு அமெரிக்கப் பிள்ளைகளின் அட்டவணையில் மதிப்பெண் போட்டால், ஒரு குறையும் இல்லாத பிள்ளைகூட ஒரு படி கீழே இறங்கிவிடும். போதாக்குறைக்கு, சோதிப்பவர் 'அஞ்சு-ரெண்டு… எட்டு-நாலு' என்று இரண்டிரண்டாகச் சேர்த்து ராகமாகச் சொன்னால் பிள்ளைக்கு மதிப்பெண் ஏறிவிடும். ஒரே சோதனை, இரண்டு திசையிலும் பிழை.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அட்டை பிரிக்கும் சோதனை கொடுக்கிறார்கள். முதலில் நிறப்படி பிரி, பிறகு உருவப்படி பிரி. மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டாவது விதிக்கு மாற மாட்டார்கள்; விதி என்னவென்று கேட்டால் சரியாகச் சொல்லிவிட்டு, கை மட்டும் பழைய விதிப்படியே போடும். ஐந்து வயதில் பெரும்பாலோர் மாறிவிடுவார்கள். அந்த வயதின் இயல்பு அது. மூன்றரை வயதுக் குழந்தையின் அறிக்கையில் 'மனநெகிழ்வு இல்லை' என்று எழுதிப் பெற்றோரைக் கலங்கடிப்பது அநியாயம்.

சோதனை சரியாக நடந்தது, மொழியும் பொருந்தியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த மதிப்பெண்ணை நோயறிதலாகக் கொள்ள முடியாது. இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஏ.டி.எச்.டி. பற்றி 2005-இல் வில்கட் குழுவினர் 83 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகள் மனக்கட்டுப்பாட்டுச் சோதனைகளில் சராசரியாகப் பின்தங்கியே இருந்தார்கள். வித்தியாசத்தின் அளவு ஏறக்குறைய 0.4 முதல் 0.7 வரை திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவும் அளவு). குழுவுக்குக் குழு பார்த்தால் இது உறுதியான வித்தியாசம்தான். ஆனால் 0.6 என்ற அளவில், இரு குழுக்களின் மதிப்பெண் வளைவுகளும் முக்கால் பங்குக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். பொதுவான பிள்ளைகளில் கடைசி 10 சதவீதம் எங்கே தொடங்குகிறதோ அங்கே கோடு போட்டால், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் கோட்டுக்குக் கீழே வருவார். மற்ற மூவர் தப்பிவிடுவார்கள்.

இதை ஒரு பள்ளிக்குப் பொருத்திப் பாருங்கள். 1000 பிள்ளைகள். அவர்களில் 50 பேருக்கு உண்மையில் ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் கொள்வோம், உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் 5 சதவீதம் அது. சோதனை அந்த 50 பேரில் 12 அல்லது 13 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 95 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். கோட்டுக்குக் கீழே விழுந்த நூற்றுச் சொச்சம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு ஒருவர்தான் உண்மையான ஏ.டி.எச்.டி. பள்ளி முழுவதற்கும் 'ஸ்கிரீனிங்' என்ற பெயரில் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து நடத்தும் முகாம்களில் வெளியாகும் பட்டியல் இப்படிப்பட்டதுதான். மருத்துவமனையில் நிலைமை மேலும் சிக்கல். அங்கே ஒப்பிட வேண்டியது குறையற்ற பிள்ளையோடு அல்ல. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு, குறைமாதப் பிறப்பு, பதற்றநோய் என்று வரும் பிள்ளைகளோடு. அவர்கள் எல்லோருக்குமே இந்த மதிப்பெண்கள் சராசரிக்குக் கீழே இருக்கக்கூடும். காய்ச்சலை அளந்து டைஃபாய்டா டெங்குவா என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை 'ஒன்றுமில்லை, சேட்டைதான்' என்று அனுப்பிவிடுவதும் அதே அளவு தவறு. அமைதியான அறை, எதிரே ஒரு பெரியவர், பதினைந்து நிமிடம், ஒரே வேலை. பிள்ளைக்கு வேண்டிய கட்டுப்பாட்டை எல்லாம் அந்த அறையே கொடுத்துவிடுகிறது. நாற்பது பேர் வகுப்பில், மின்விசிறிச் சத்தத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது பீரியடில் அந்தத் தாங்கல் கிடையாது. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் படிவங்களுக்கும் இந்தச் சோதனை மதிப்பெண்களுக்கும் இடையே ஒத்துப்போதல் மிகக் குறைவு என்று 2013-இல் டோப்லாக், வெஸ்ட், ஸ்டானோவிச் மூவரும் காட்டினார்கள். இரண்டும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இது இன்னொரு விதமாகத் தெரியும்: எதிரே மனிதர் உட்கார்ந்து நடத்தும் அட்டைச் சோதனையைவிட, அதையே கணினியில் செய்யும்போது அவர்கள் நன்றாகச் செய்வது 1990-களிலேயே கவனிக்கப்பட்டது. கஷ்டம் விதி மாறியதிலா, எதிரே இருப்பவர் முகத்தைப் படிப்பதிலா என்பதை மதிப்பெண் சொல்லாது.

அப்படியென்றால் நோயறிதல் எப்படி நடக்க வேண்டும்? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்-5 2013-இல் வந்தது. அதன்படி ஏ.டி.எச்.டி.க்குக் கவனக்குறைவு அறிகுறிகள் 9, துறுதுறுப்பு–அவசர அறிகுறிகள் 9. இரண்டில் ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 6 இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் என்றால் 5 போதும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் இருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும், வேறு காரணத்தால் விளங்கிவிடக் கூடாது. இந்தப் பட்டியலில் எங்கேயும் கணினி மதிப்பெண் கிடையாது. ஆட்டிசத்துக்கும் அப்படியே: சமூகத் தொடர்பில் மூன்று வகைச் சிரமங்களும், திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்காமை, குறுகிய ஈடுபாடு, புலன் உணர்வில் வித்தியாசம் ஆகிய நான்கில் இரண்டும் இருக்க வேண்டும். இதே 2013-இல்தான் ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம் என்று விதி மாறியது. 'ஆட்டிசம் இருக்கு, அதனால ஏ.டி.எச்.டி. போட முடியாது' என்று இன்னும் யாராவது சொன்னால் அது பழைய கையேட்டின் கணக்கு.

பள்ளியின் பங்கு மிகப் பெரியது. ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைக் கேட்கும் வாண்டர்பில்ட் படிவம் போன்றவற்றை நிரப்ப ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும். முதல் 18 கேள்விகள் மேலே சொன்ன 18 அறிகுறிகளே. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, அதில் 2-உம் 3-உம் மட்டுமே அறிகுறியாக எண்ணப்படும். 'சில நேரம்' என்று 1 போட்டவற்றையும் கூட்டிவிட்டு 'மொத்தம் 20, அதனால் ஏ.டி.எச்.டி.' என்று எழுதியிருப்பதைப் பல அறிக்கைகளில் காண்கிறோம். படிவத்தைக் கூட்டக் கூடாது, எண்ண வேண்டும். இன்னொன்று, பிள்ளையைக் குறைந்தது இரண்டு மூன்று மாதமாவது பார்த்திருக்கும் ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும். ஜூனில் வந்த புது ஆசிரியர் ஜூலையில் நிரப்பினால் அது முதல் அபிப்பிராயம் மட்டுமே.

வயதையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜூலையில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஒன்றாம் வகுப்பில் பதினோரு மாதம் என்பது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐச் சேர்க்கைக் கோடாக வைத்திருக்கும் மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்டுப் பிள்ளைகளில் 10,000-க்கு 85.1 பேருக்கு ஏ.டி.எச்.டி. முத்திரை விழுந்திருந்தது, மூத்தவர்களான செப்டம்பர்ப் பிள்ளைகளில் 63.6 பேருக்குத்தான். 2018-இல் வந்த கணக்கு இது. ஒரு மாதப் பிறந்தநாள் வித்தியாசம் மூளையை மாற்றவில்லை, ஒப்பிடும் ஆளை மாற்றிவிட்டது. ஆகவே ஆசிரியர் பிள்ளையை வகுப்பு முழுவதோடும் ஒப்பிடாமல், அதே மாதங்களில் பிறந்த இரண்டு மூன்று பேரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வேறு காரணங்களைத் தேடும் வேலையை மருத்துவர் செய்தே ஆக வேண்டும், கணினி செய்யாது. சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளைக்கு, பின்னால் இருந்து சொல்வது பாதிதான் கேட்கும். அது 'சொன்னதைக் கேட்பதில்லை' என்று படிவத்தில் ஏறும். அடினாய்டும் டான்சிலும் வீங்கி, வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளை பல நேரம் பகலில் சோர்ந்து விழாது. பெரியவர்களைப் போல் அல்லாமல், துறுதுறுவென்று ஓடும். அதனால்தான் குறட்டை விடுகிறதா, எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறது, படுக்கையில் கைபேசி உண்டா என்று கேட்காமல் எந்தச் சோதனையையும் தொடங்கக் கூடாது. இரும்புச்சத்தையும் பார்க்க வேண்டும்: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடலில் சேர்த்துவைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம் என்பதால் இரண்டையும் பார்ப்பது நல்லது. கண் பார்வை, தைராய்டு ஆகியவையும் இதே வரிசையில்.

மிக எளிதில் தவறவிடப்படுவது ஆப்சன்ஸ் வகை வலிப்பு. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எதுவும் நடக்காததுபோல் தொடரும். ஒரு நாளில் பல முறை வரலாம். 'கனவு காணுறான்' என்று வகுப்பில் திட்டு வாங்கும். மருத்துவர் தன் எதிரிலேயே பிள்ளையை 3 நிமிடம் விடாமல் வேகமாக ஊதச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்; மூளை அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. உறுதிசெய்யும். இ.இ.ஜி.யின் வேலை இந்த இடத்தில்தான். மூளை அலைகளின் விகிதத்தை வைத்து ஏ.டி.எச்.டி.யை உறுதிப்படுத்துவதாகச் சொல்லும் 'பிரெயின் மேப்பிங்' வேறு சங்கதி. அந்த விகிதத்தை ஆராய்ச்சிக்கு வெளியே நோயறிதலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2016-இலேயே சொல்லிவிட்டது. கைரேகை எடுத்துக் குழந்தையின் மூளையைப் படிப்பதாகக் கூறும் டி.எம்.ஐ.டி.க்கும், கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் 'மிட்பிரெயின்' வகுப்புகளுக்கும் அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. அவற்றுக்குக் கட்டும் பணத்தில் ஒரு முறையான மதிப்பீட்டை முடித்துவிடலாம்.

கற்றல் குறைபாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். புரியாத பாடத்தில் யாருக்கும் கவனம் நிற்காது. எழுத்து வேலை வரும்போது மட்டும் எழுந்து ஓடி, கதை கேட்கும்போதும் படம் வரையும்போதும் அரை மணி நேரம் அசையாமல் உட்காரும் பிள்ளைக்கு முதலில் வாசிப்பையும் எழுத்தையும் சோதிக்க வேண்டும். இதற்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பு இருக்கிறது. ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோல், ஏ.டி.எச்.டி.க்கும் ஆட்டிசத்துக்கும் இன்க்ளென் என்ற ஆய்வு அமைப்பின் குழுவினர் இந்தியாவிலேயே உருவாக்கிய கருவிகள் எல்லாம் இருக்கின்றன. அதே இன்க்ளென் குழு ஐந்து பகுதிகளில் வீடு வீடாகப் போய் எடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 13.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு நரம்புவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. பலருக்கு ஒன்றுக்கு மேல். ஒரு பெயரைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இவ்வளவு சொல்வதால் மனக்கட்டுப்பாட்டுச் சோதனைகளே வேண்டாம் என்று பொருளல்ல. மருத்துவ முறைகளை மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2024-இல் 6 முதல் 17 வயதினருக்கு ஒரு கணினிச் சோதனையை ஏற்றது. முழு மதிப்பீட்டோடு சேர்த்துத் துணையாகப் பயன்படுத்தலாம் என்ற அளவில்தான். எங்கள் பார்வையில் இவற்றின் உண்மையான பயன் வேறு. என்ன பெயர் என்பதைவிட, எங்கே கை கொடுக்க வேண்டும் என்பதை இவை காட்டும். செயல்நினைவு குறைந்த பிள்ளைக்கு 'பையைத் திற, கணக்கு நோட்டை எடு, 42-ஆம் பக்கம், மூன்றாவது கணக்கு' என்று ஒரே மூச்சில் சொன்னால் முதலாவதும் கடைசியும்தான் மிஞ்சும். ஒவ்வொன்றாகச் சொல்லி, பக்க எண்ணைப் பலகையில் எழுதிப்போட வேண்டும். வாய்ப்பாட்டை மேசையில் ஒட்டிவைத்தால் கணக்கின் முறையில் மனம் செல்லும். அடக்குவதில் சிரமப்படும் பிள்ளைக்கு நாற்பது நிமிட வேலையை நான்காகப் பிரித்து, நடுவே நோட்டு வாங்கி வர, பலகை துடைக்க என்று எழுந்து நடக்கும் வேலையைக் கொடுக்க வேண்டும். விதி மாறுவதைத் தாங்காத பிள்ளைக்கு, அன்றைய வரிசையைப் படமாக ஒட்டிவைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து நிமிடம் முன்பே சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் நோயறிதல் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலையே தொடங்கலாம்.

செயல்நினைவை வளர்க்கும் கணினி விளையாட்டுகளுக்கு மாதச் சந்தா கட்டும் பெற்றோரும் இதைக் கேட்க வேண்டும். அந்த விளையாட்டில் பிள்ளை முன்னேறும். படிப்பிலும் வகுப்புக் கவனத்திலும் அந்த முன்னேற்றம் நிலையாகக் கடந்து வருவதில்லை என்றுதான் 2013-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது.

கையில் வாங்கும் அறிக்கையில் சில விவரங்கள் இல்லாவிட்டால் திருப்பிக் கேளுங்கள். பிள்ளையின் வயது ஆண்டிலும் மாதத்திலும். எந்த மொழியில் சோதித்தார்கள். ஒவ்வொரு சோதனையின் பெயரும் பதிப்பும். எந்த நாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். கச்சா மதிப்பெண்ணும், அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் எங்கே நிற்கிறது என்று காட்டும் சதமானமும். சோதனை நடந்த நேரம், முந்தைய இரவுத் தூக்கம், கண்ணாடி போட்டிருந்ததா, மருந்து எடுத்திருந்ததா. வீட்டுப் படிவமும் பள்ளிப் படிவமும் தனித்தனியே. ஐ.க்யூ. ஒற்றை எண்ணாக எழுதியிருந்தால் அதன் எல்லையையும் கேட்க வேண்டும். ஐந்தாறு புள்ளி மேலும் கீழும் போகக்கூடிய அளவை, 69 ஆனதால் ஒரு பெயர், 71 ஆனதால் வேறு பெயர் என்று கையாளுவது கூடாது. கையெழுத்திடும் மருத்துவ உளவியலாளரின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பணம் இல்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். 2013-இல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. அரசுத் திட்டத்தின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இது இலவசம். சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

சட்டத்தில் உள்ள ஓர் ஓட்டையையும் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. மனக்கட்டுப்பாடு மட்டும் குலைந்து, வாசிப்பு சரியாக இருக்கும் பிள்ளைக்குத் தேர்வறையில் கூடுதல் நேரமோ தனி அறையோ கேட்க, ஏ.டி.எச்.டி. என்ற பெயரில் அந்தச் சட்டத்தின்கீழ் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் கிடைக்கும் பெயரை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று பெற்றோர் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் திருத்த மாநில அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். அதுவரை பொதுத்தேர்வு விதிகளிலாவது இந்தப் பிள்ளைகளுக்கு இடம் தர வேண்டும்.

பள்ளிகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். 'டெஸ்ட் எடுத்து வாங்க' என்று அனுப்பும் முன், இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: தேதி, பாடம், மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன செய்ததும் அடங்கியது. அதைப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புங்கள். எந்தக் கணினி அறிக்கையைவிடவும் அந்தத் தாள் மருத்துவருக்கு உதவும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். குழந்தைகளின் கவனம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு தொடர்பான சோதனை விளம்பரங்களை ஏற்கும்போது, சோதிப்பவரின் மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணை விளம்பரத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சி மருத்துவம், மருத்துவ உளவியல், சிறப்புக் கல்வித் துறைகளில் பணிபுரியும் மூவர்,
மதுரை.